படத்தைப் பார்த்துச் சொல்லாதே

என் வகுப்பில் மீசை வைத்த ஆண்கள் வாத்துக் கதை படிப்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பிழைப்புக்காக இந்த அரபு நாட்டுக்கு வந்து, அரபி வாசிக்கத் தெரியாமல் இருக்கிற நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது என் சாயங்கால வேலை. குழந்தைக் கதைப் புத்தகங்களை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கும். பெரியவர்களுக்கான அரபியில் ஒரு எழுத்தை அகரமாகப் படிப்பதா இகரமாகப் படிப்பதா என்று காட்டும் குறிகளைப் போடாமலே அச்சடித்துவிடுவார்கள். தெரிந்தவன் படித்துக்கொள்வான் என்ற மெத்தனம். குழந்தைப் புத்தகத்தில்தான் மேலேயும் கீழேயும் எல்லாக் குறிகளும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். ஒரே வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொல் கூடிக்கொண்டு வரும். வாத்து போனது. வாத்து குளத்துக்குப் போனது. வாத்து குளத்துக்கு மெதுவாகப் போனது. இதைவிட நல்ல பாடப்புத்தகத்தை எந்தப் பேராசிரியரும் எழுதிக் கிழித்துவிடவில்லை.

வகுப்பு நடப்பது ஒரு சலவைக் கடையின் மாடியில். கீழே நாள் முழுக்க இஸ்திரி ஓடுவதால் தரை எப்போதும் கதகதவென்று இருக்கும். குளிர்காலத்தில் வசதி, மற்ற நாளில் வேகவேண்டியதுதான். ஒரு நீள மேஜை, ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள், கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டை ஒட்டிய ஒரு பீரோ. பீரோவில் எளிய கதைகள் கீழ்த்தட்டில், அடுத்தவை நடுத்தட்டில், கடினமானவை மேல்தட்டில். தட்டுத் தாண்டிப் புத்தகம் எடுக்க யாருக்கும் அனுமதி கிடையாது. முதலில் படிக்கிற கதையில் எந்த மிருகம் வருகிறதோ அதுவே அவரவருக்குப் பெயராக ஒட்டிக்கொள்ளும். லாரி ஓட்டுகிறவன் கரடி. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர் வாத்து. அவர்களாகவே வைத்துக்கொண்டது, நான் அதில் தலையிடுவதில்லை.

எனக்கு ஒரு விதி உண்டு. ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன எழுதியிருந்தது என்று தமிழில் சொல்ல வேண்டும். படிக்கும்போது படத்தின் மேல் அட்டையை வைத்து மறைத்துவிடுவேன். படம் பொல்லாதது. பாதிப் பேர் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துக் கதை விடுவார்கள். "படத்தப் பாத்துச் சொல்லாத. எழுதியிருக்கறதச் சொல்லு. கூட்டாத, குறைக்காத." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று சலவைக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும், நான் மாடியில் கத்துவது அவருக்குக் கீழே கேட்கும். சரியாகச் சொல்லிவிட்டால் "சரி" என்பேன். அதோடு அடுத்த பக்கம். ஆஹா ஓஹோ என்று தூக்கி வைத்துப் பேச எனக்கு வராது. பக்கத்தைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காக என் முகத்தைப் பார்ப்பார்கள்.

தையல்காரி வந்த முதல் நாள் அவள் கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பேண்ட் சுருக்குவது, ஜிப் மாற்றுவது என்று ஒரு துணிக்கடையின் பின்கட்டில் வேலை. என்னைவிட நாலைந்து வயதுதான் இளையவள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு கதை படிக்கத் தெரியணும் டீச்சர். ஒண்ணே ஒண்ணு போதும்."

"யாருக்குப் படிக்கப் போற?"

"என் பொண்ணுக்கு."

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. அவள் புருஷன் அரபி பேசுகிறவன். கடைத்தெரு அரபியிலேயே பழக்கம், அதே அரைகுறைப் பேச்சிலேயே கல்யாணம், அரைகுறைப் பேச்சிலேயே சண்டை. விவாகரத்து மட்டும் சுத்தமான முழு மொழியில் காகிதத்தில் வந்தது. அதை அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. குழந்தைக்கு அப்போது மூன்று வயது. அப்பாவும் அத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், குழந்தைகள் நல அலுவலகத்தின் ஓர் அறையில், ஓர் அதிகாரியின் கண் முன்னால் பார்க்கலாம். அந்த அறையில் அதிகாரிக்குப் புரிகிற மொழியில்தான் பேச வேண்டும். புரிகிற மொழி என்றால் அரபி. தமிழில் பேச விட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை, குழந்தைக்குத் தமிழ் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"போன வாரம் அந்த ஒரு மணி நேரமும் அவளுக்கு அளவெடுத்தேன் டீச்சர்," என்றாள். "கையத் தூக்கு, திரும்பு, நேரா நில்லு. கடையில பேசற அரபி அதுதான? தோள் அளவு, கை அளவு, இடுப்பு அளவு. முடிஞ்சதும் மறுபடியும் தோள்ல ஆரம்பிச்சேன். 'இப்பத்தான எடுத்தீங்க'ன்னு கேட்டா."

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏழு வயசு முடிஞ்சா அவகிட்டயே கேப்பாங்களாம், அம்மாவப் பாக்க வரணுமா வேண்டாமான்னு. அவ சொல்றதுதான் முடிவு. இப்ப அஞ்சு நடக்குது."

பகலில் நான் அரசாங்க அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளராகப் போகிறவள். இப்படிக் கேட்கிற அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டாம் என்று குழந்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லாமல் கீழ்த்தட்டிலிருந்து முயல் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

ஒரு சின்ன முயலுக்குக் காட்டில் ஒரு பெரிய தொப்பி கிடைக்கிறது. தலையில் வைத்தால் முயலே உள்ளே போய்விடுகிறது. சரி, இதுவே என் வீடு என்று முயல் அதற்குள் குடியிருக்கிறது. மழை வருகிறது, தொப்பி காக்கிறது. காற்று வருகிறது, தொப்பி காக்கிறது. முயல் வளர்கிறது. ஒருநாள் காது வெளியே நிற்கிறது, அடுத்து கால். கடைசிப் பக்கத்தில் முயல் சொல்கிறது: "நன்றி, தொப்பியே. நான் பெரியவன் ஆகிவிட்டேன்." அவ்வளவுதான் கதை. சின்ன, பெரிய, வீடு, வா, போ, வேண்டும், வேண்டாம் என்று பேசத் தேவையான சொற்களெல்லாம் அதில் வந்துவிடும்.

அந்தக் கடைசிப் பக்கத்தைச் சொல்லும்போது அவள், "முயல் அழுதுகிட்டே நன்றி சொல்லுது," என்றாள்.

"அழுதுச்சுன்னு எங்க எழுதியிருக்கு?"

"மொகத்தப் பாத்தா அழற மாதிரி..."

"அட்டைய யாரு தூக்கினது? முகத்துல ஆயிரம் இருக்கும். எழுதியிருக்கறது என்ன?"

"நன்றி, தொப்பியே. நான் பெரியவன் ஆயிட்டேன்."

"சரி."

விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டே படிப்பாள், தையல் விட்டுப்போன இடத்தைத் தேடுகிற மாதிரி. நாள் முழுக்க ஊசிக் கண்ணைப் பார்த்த கண்ணில் நீர் வடியும். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். என் புத்தகங்களில் முதுகு கிழிந்தவற்றையெல்லாம் கேட்காமலே வீட்டுக்கு எடுத்துப்போய் நூல் போட்டுத் தைத்துக்கொண்டு வந்தாள். ஒரு வழியாக முயல் முடிந்தது; வகுப்புக்கு அவள் முயல் ஆனாள், எனக்கு மட்டும் தையல்காரிதான்.

அதை முதல்முதலாகக் குழந்தைக்குப் படித்துக் காட்டிய மறுநாள், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"மடியில உக்காந்தா டீச்சர்! நாலு தடவ படிக்கச் சொன்னா. நான் தப்பாச் சொன்னா அவ திருத்தறா. அந்தக் கடிகாரம் வேற, நேரம் முடிஞ்சதும் இன்னும் கொஞ்ச நேரம்னு விட்டுச்சு!"

கடிகாரம் என்றால் அந்த அதிகாரி. மணி பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவள் என்பதால் தையல்காரி வைத்த பெயர். அன்றைக்கு எனக்கும் தலைகால் புரியவில்லை. என் முறைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன். வகுப்புக்கே கடலை வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த சில மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஒரே ஒரு கோளாறு. கதைப் புத்தக அரபியை வீட்டில் யாரும் பேசுவதில்லை. நம் மொழியில் மட்டும் என்ன வாழ்கிறது? "எங்க போற" என்று கேட்பதை அச்சில் "நீ எங்கே செல்கிறாய்" என்றுதானே போடுகிறோம். தையல்காரிக்கு ஒழுங்காகத் தெரிந்த அரபி எல்லாம் புத்தகத்திலிருந்து வந்தது என்பதால் வாயைத் திறந்தால் முயலும் வாத்தும்தான் பேசின. காய்கறிக் கடையில் போய், "ஓ வணிகரே, எனக்கு ஒரு பெரிய வெங்காயம் வேண்டும்," என்றாளாம். கடைக்காரன் எழுந்து நின்று சலாம் போட்டிருக்கிறான். மகளிடமும் அப்படித்தான். "மகளே, நீ இன்று என்ன உண்டாய்?" முதலில் அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டாக இருந்தது. தானும் அதே மாதிரி, "தாயே, நான் ரொட்டி உண்டேன்," என்று பதில் சொல்லுமாம். அந்த அறைக்குள் இரண்டு பேருக்கும் மட்டுமான மொழியாக அது ஆகிப்போனது.

பிறகு குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. அங்கேதான் எல்லாம் வழுக்கியது. தையல்காரி ஒரு புத்தகத்தை முடிப்பதற்குள் அந்தப் பெண் அந்த வயதைத் தாண்டிவிடும். இவள் தவளைக் கதையோடு போனால் அது, "இது பாப்பாங்க படிக்கிறது," என்கிறது. இவள் யானைக்கு வருவதற்குள் அது பள்ளிக்கூடத்தில் கடல் கொள்ளைக்காரர்கள் கதைக்குப் போய்விட்டது. குழந்தை ஓடுகிற வேகத்தில் வளர்கிறது, நாற்பதைத் தொடுகிற ஒருத்தி நடக்கிற வேகத்தில் படிக்கிறாள். தலைகீழாக நின்றாலும் இது எட்டாத கணக்கு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"மேல்தட்டுப் புத்தகம் ஒண்ணு குடுங்க டீச்சர். அந்தக் கப்பல் கதை."

"அதுல குறியே பாதிக்கு மேல கிடையாது. உனக்கு எழுத்துக் கூட்ட வராது."

"நேரமில்ல டீச்சர்."

"நேரமில்லன்னா எழுத்து வழிவிடுமா? யானைய முடி."

இப்போதும் சொல்கிறேன், நான் சொன்னதில் தப்பில்லை. ஆனால் என் வகுப்பில் இளகின மனசு படைத்த கரடி ஒன்று இருந்ததே. மேல்தட்டு வரை வந்துவிட்ட அவன், நான் பார்க்காத நேரத்தில் கப்பல் புத்தகத்தை எடுத்து, லாரியில் உட்கார்ந்து முழுக் கதையையும் தன் குரலில் படித்துப் போனில் பதிந்து கொடுத்திருக்கிறான். "அக்கா, கேட்டு மனப்பாடம் பண்ணிக்குங்க. புத்தகத்தத் தொறந்து வச்சுக்கிட்டுச் சொல்லுங்க, யாருக்குத் தெரியப் போவுது?" அவள் தையல் மிஷின் ஓட ஓட, காதில் கரடியின் குரலை மாட்டிக்கொண்டு கடல், புயல், கப்பல் தலைவன் எல்லாவற்றையும் வரிக்கு வரி மனதில் ஏற்றிக்கொண்டாள்.

அந்த வாரம் அந்த அறையில் பிரமாதமாகப் படித்தாளாம். புயல் வருகிற இடத்தில் குரலை உயர்த்தி, தலைவன் பேசுகிற இடத்தில் கட்டைக் குரலில். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. இவள் பக்கத்தைப் புரட்டினாள். எவனோ எப்போதோ தேநீர் கொட்டிய புத்தகம் அது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டது இவளுக்குத் தெரியவில்லை. எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு புயலைச் சொல்லிக்கொண்டே போனாள். புத்தகத்தில் புயல் முடிந்து, கப்பல் கரைக்கு வந்து, தலைவன் வீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

"அம்மா, புயல் இந்தப் பக்கத்துல இல்லயே," என்றது குழந்தை.

இவள் தடுமாறினாள். குழந்தை ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்றது. தெரியவில்லை. "இது?" அதுவும் தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்றைக் கேட்கப் போய், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, விரலை எடுத்துக்கொண்டது. கோபப்படவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடியது. "பரவாயில்ல," என்றது. பிறகு கடிகாரத்திடம் திரும்பி, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டது.

இதை என்னிடம் சொன்னபோது தையல்காரி அழவில்லை. கரடிதான் அழுதான். நான் கரடியாகக் கத்தினேன். கரடி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். படிக்காததைப் படித்த மாதிரி காட்டினால் பெரியவர்கள் ஏமாறுவார்கள், இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகிய ஒரு குழந்தை ஏமாறுமா? அதற்கு எழுத்துதானே இப்போது உலகம்.

அதற்கப்புறம் குழந்தை வீட்டுப்பாடத்தைக் கொண்டுவந்து அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய ஆரம்பித்தது. தையல்காரி எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தாள். தேவைக்கு மேலேயே சீவினாளாம், பென்சில் கட்டையாகிப் போகிற அளவுக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்த மாதங்களில்தான் அவளுக்கு வாசிப்பு உண்மையிலேயே ஓடியது. யானையை முடித்தாள், நடுத்தட்டில் பாதியை முடித்தாள். நான் தமிழில் கேட்டால் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அட்டை வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கேட்பதற்கு ஆள்தான் இல்லை. என் வாழ்நாளில் இவ்வளவு வீணாய்ப்போன நல்ல மாணவியை நான் பார்த்ததில்லை.

குழந்தைக்கு ஏழு முடிந்தது. கேட்கிற நாளுக்கு அம்மா பக்கம் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

"நீங்களே வாங்க டீச்சர்," என்றாள். "வேற யாரோ ஒருத்தர் வாயால அதக் கேக்க முடியாது என்னால."

போனேன். அவள் சொல்லிச் சொல்லி எனக்கு அந்த அறை மனப்பாடம். எண்கள் போட்ட ஒரு பாய்விரிப்பு, கை போன பொம்மைகள் ஒரு கூடையில், பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் முட்டுகிற குட்டி நாற்காலிகள். அதில் ஒன்றில் தையல்காரி நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் முயல் புத்தகம். எதற்குக் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை.

குழந்தையை அத்தை வாசல் வரை கொண்டுவந்து விட்டுப் போனாள். நான் நினைத்ததைவிட உயரம். முன்பல் ஒன்று விழுந்து, புதிது பாதி முளைத்திருந்தது. கடிகாரம் எதிரே உட்கார்ந்து அன்பாகவே பேசினாள், அதைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடம் எப்படி, தோழிகள் யார் யார் என்று கேட்டாள். குழந்தை வீட்டுப் பேச்சில் கடகடவென்று பதில் சொன்னது. அதில் தையல்காரிக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை, நான் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு கடிகாரம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வாராவாரம் அம்மாவைப் பார்க்க இங்கே வர உனக்கு விருப்பமா? நீ என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குழந்தை கடிகாரத்துக்குப் பதில் சொல்லவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தது. மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தது. பிறகு வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி, புத்தக மொழியில் சொன்னது. அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"நன்றி, தாயே. நான் பெரியவள் ஆகிவிட்டேன். இனி இங்கே வர எனக்கு விருப்பம் இல்லை."

கடிகாரம் என் பக்கம் தலையசைத்தாள். மொழிபெயர்ப்பாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் நடைமுறை. எத்தனையோ அறைகளில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கெட்ட செய்தியைச் சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் நாக்கு புரண்டுவிட்டது.

"நன்றி சொல்றாம்மா," என்றேன். "இப்பப் படிப்பு ஜாஸ்தியாம். கொஞ்ச நாள் போகட்டும், அப்புறமா வரேங்கறா."

தையல்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ அப்படிச் சொல்லல டீச்சர்."

மடியிலிருந்த புத்தகத்தின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். குழந்தையின் உதடு கோணிக்கொண்டு வந்தது, கண்ணில் நீர் திரண்டு நின்றது. இவளும் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு பக்கத்தை மூடிவிட்டுச் சொல்கிற அதே குரலில் தமிழில் சொன்னாள்.

"நன்றிம்மா. நான் பெரியவளாயிட்டேன். இனிமே இங்க வர எனக்கு இஷ்டமில்ல."

அழுததைச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, வகுப்பில் பார்ப்பது போலவே என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"சரி," என்றேன்.